கடைசி அறுநூறு மீட்டரும் பக்கம் முப்பத்து மூன்றும்

அனுப்புநர்
ஷா. அமீர் நிஷா (வயது 49),
க/பெ. ஷாநவாஸ்,
மனை எண் 14, ரஹ்மத் நகர்,
பீங்கான் தொழிற்பேட்டை பின்புறம்,
விருத்தாசலம்.

பெறுநர்
உயர்திரு மதிப்பீட்டு அலுவலர் அவர்கள்,
இணைப்புச் சாலைகள் வாழ்நாள் செலவு மதிப்பீட்டுப் பிரிவு,
விருத்தாசலம்.

பொருள்: பீங்கான் தொழிற்பேட்டை பின்புறச் சாலையின் கடைசி 600 மீட்டருக்கான முப்பதாண்டுச் செலவு மதிப்பீடு – அறிக்கையின் 33ஆம் பக்கத்தில் என் பெயரால் பதிவான தகவலைத் திருத்தக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் எனக்கு அனுப்பப்பட்ட பதிலும் 41 பக்க அறிக்கையின் நகலும், நாள் 18.08.2025.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். சாலை கேட்டு வரும் மனுக்கள் தங்களிடம் நிறைய இருக்கும். இதுவும் சாலை கேட்கும் மனுதான். ஆனால் அதற்கு முன்னால் ஒரு வரியைத் திருத்தக் கேட்கிறேன். அந்த வரி ஏன் இவ்வளவு முக்கியம் என்பதைச் சொல்லச் சில பக்கங்கள் ஆகும். பொறுமையாகப் படிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

1. நான் மேற்கண்ட முகவரியில் பதினொரு ஆண்டுகளாக வசித்து வருகிறேன். தொழிற்பேட்டையில் ஒரு சிறிய பட்டறையில் கோப்பைகளுக்குக் கைப்பிடி ஒட்டும் வேலை செய்கிறேன். என் கணவர் 1999 முதல் சவுதி அரேபியாவில் தம்மாம் நகரில் ஒரு நிறுவனத்தின் சரக்குக் கிடங்கில் பணிபுரிகிறார். எங்கள் ஒரே மகள் ஹுமைரா 2021இல் திருமணமாகிப் பெங்களூர் போய்விட்டாள். அன்றிலிருந்து வீட்டில் நான் ஒருத்திதான். தங்கள் அறிக்கை இதைச் சரியாகவே சொல்லியிருக்கிறது.

2. ரஹ்மத் நகர் என்ற பெயரைத் தாங்கள் வரைபடத்தில் மட்டும் பார்த்திருக்கலாம். ஊரில் கேட்டால் ‘சவுதி மனை’ என்றால்தான் வழி சொல்வார்கள். தம்மாமில் ஒரே அறையிலும் பக்கத்து அறைகளிலும் தங்கியிருந்த, பெரும்பாலும் மங்கலம்பேட்டையைச் சேர்ந்த, இருபத்திரண்டு பேர் சேர்ந்து 2009இல் இந்த இடத்தை வாங்கி மனை பிரித்தார்கள். அங்கே கட்டிலுக்குக் கட்டில் பக்கத்தில் படுத்தவர்கள், திரும்பி வந்த பிறகும் வீட்டுக்கு வீடு பக்கத்தில் இருக்க வேண்டும் என்பது அவர்கள் திட்டம். யாருக்குப் பக்கத்தில் யார் மனை என்பதைக்கூட அந்த அறையில் கட்டில் கிடந்த வரிசைப்படிதான் முடிவு செய்தார்களாம். இருபத்திரண்டு மனையில் வீடு எழும்பியது ஒன்றுதான். மற்ற இருபத்தொன்றிலும் எண் எழுதிய கல் நிற்கிறது. எனக்கு 13ஆம் எண் கல்லும் 15ஆம் எண் கல்லும்தான் அண்டை வீடுகள்.

3. பின்புறச் சாலையின் மொத்த நீளம் இரண்டரை கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. பட்டறைகள் இருக்கும் வரை தார் இருக்கிறது, குண்டும் குழியுமாகவேனும். அதற்குப் பிறகு என் வீட்டு வாசல் வரை உள்ள அறுநூறு மீட்டர், மனை போட்டபோது கொட்டிய கிராவல். கேஸ் சிலிண்டர் கொண்டுவருபவர் தார் முடியும் இடத்தில் இறக்கி வைத்துவிட்டுப் போன் செய்கிறார். சுட்டு எடுத்த கோப்பைகளை வைக்கோல் வைத்துக் கட்டும் வேலையையும் முன்பு வீட்டில் செய்து வந்தேன். வந்து சேர்வதற்குள் டஜனுக்கு இரண்டு உடைந்ததால் பட்டறைக்காரர் சாமிதுரை அந்த வேலையை நிறுத்திவிட்டார். அவர்மீது தவறில்லை. சென்ற டிசம்பர் மழையில் மூன்று நாள் நான் வெளியே போகவில்லை. அந்த மூன்று நாளும் யாரும் வரவும் இல்லை. நான்காம் நாள் பட்டறைக்குப் போனபோது, லீவு போட்டேனா என்று மட்டும் கேட்டார்கள்.

4. இந்நிலையில் 2024ஆம் ஆண்டு இந்தச் சாலைக்கு முப்பது ஆண்டுக் கணக்கு ஒன்று போடப்பட்டது. தார், சிமெண்ட், இல்லையென்றால் இப்படியே கிராவலாக விடுவது என்று மூன்று வழிகள். ஒவ்வொன்றுக்கும் இன்று ஆகும் செலவு, ஐந்து வருடத்துக்கொரு முறை மேல்பூச்சு, மழைக்குப் பின் ஒட்டு வேலை எல்லாம் சேர்த்து முப்பது ஆண்டில் எவ்வளவு ஆகும் என்ற கணக்கு. கடைசி 600 மீட்டருக்குக் கிராவலே போதும் என்பது முடிவு. அறிக்கையை மூன்று முறை படித்தேன். முதல் முறை ஒன்றும் புரியவில்லை. தபால்வழி பி.காம். முதலாண்டோடு எனக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. அந்த ஒரு வருடப் படிப்பு இத்தனை காலம் கழித்து இதற்குத்தான் உதவியது.

5. புரிந்த பிறகு ஒன்றை மனதாரச் சொல்ல வேண்டும்: கணக்கு நேர்மையாகவே போடப்பட்டிருக்கிறது. நாளை என்ன நடக்கும் என்று தங்களுக்குத் தெரியாது என்பதை அறிக்கை முதல் பக்கத்திலேயே ஒப்புக்கொள்கிறது. அரசுக் காகிதம் ஒன்று ‘தெரியாது’ என்று சொல்லி நான் பார்த்தது இதுவே முதல் முறை. தார் விலை எப்படிப் போகும் என்று தெரியாது. ஆகவே சிறுமம், நடு, பெருமம் என மூன்று எண்கள். மழைக்கு மூன்று எண்கள். களிமண் லாரிகள் எவ்வளவு பெருகும் என்பதற்கு மூன்று எண்கள். இவற்றை மாற்றி மாற்றிப் போட்டுக் கணிப்பொறியில் பத்தாயிரம் முறை ஓட்டியிருக்கிறார்கள். அதனால்தான் தார்ச் சாலைக்கு ஆகும் செலவு இவ்வளவு என்று அடித்துச் சொல்லாமல், 38 லட்சத்திலிருந்து 61 லட்சம் வரை ஆகலாம் என்று எழுதியிருக்கிறது. பத்து ஆண்டு கழித்து வரும் நூறு ரூபாயை இன்றைக்கு நாற்பத்தாறு ரூபாய் என்று எடுத்துக்கொள்ளும் முறையும் எனக்குச் சுலபமாகப் புரிந்தது. தள்ளிப் போகப் போக வரவின் மதிப்பு குறையும் என்பதை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

6. வாகனக் கணக்கெடுப்பிலும் எனக்குப் புகார் இல்லை. கடைசி 600 மீட்டரில் நாளொன்றுக்கு இருசக்கர வாகனம் ஆறு என்று எழுதியிருக்கிறார்கள். அந்த ஆறில் நான்கு, கணக்கெடுக்க உட்கார்ந்தவரே டீ குடிக்கப் போய் வந்தது. எனக்குச் சாதகமான தவறுதான் என்றாலும், மனுவில் உண்மையைச் சொல்லிவிடுவது நல்லது. என் ஒருத்திக்காகத் தார் போட்டால் ஆண்டுக்கு ஒன்றேகால் லட்சம் ரூபாய்க்குக் குறையாமல் ஆகிறது. தங்கள் நாற்காலியில் நான் இருந்தாலும் யோசித்திருப்பேன்.

7. என் புகார் 33ஆம் பக்கத்தைப் பற்றியது. ‘குடியிருப்போர் எண்ணிக்கை, ரஹ்மத் நகர்’ என்ற அட்டவணை அது. அங்கேயும் மூன்று கட்டங்கள் இருக்கின்றன. தாருக்கும் மழைக்கும் மூன்று வெவ்வேறு எண்கள் போட்ட கை, எனக்கு மட்டும் மூன்று கட்டத்திலும் ஒரே எண்ணைப் போட்டிருக்கிறது: 1, 1, 1. அதுவும் பன்னிரண்டு ஆண்டுகளுக்குத்தான். பதின்மூன்றாம் ஆண்டிலிருந்து 0, 0, 0. அப்போது எனக்கு அறுபத்திரண்டு நடக்கும். நான் எங்கே போயிருப்பேன் என்பதற்கு விளக்கம் இல்லை. மகள் வீட்டுக்கு என்று நினைத்திருக்கலாம். அவள் வீட்டில் எத்தனை அறை என்று யாரும் கேட்கவில்லை.

8. அதற்கு அடுத்த வரி இது. அப்படியே எழுதுகிறேன்: ‘குடும்பத் தலைவர் (வெளிநாடு) நிரந்தரமாகத் திரும்பிக் குடியேறும் வாய்ப்பு: 0, 0, 0. ஆதாரம்: மனைவியின் வாய்மொழித் தகவல்.’ ஐயா, பத்தாயிரம் முறை கணிப்பொறி ஓடியதில், ஒருமுறைகூட என் கணவர் வீட்டுக்கு வரவில்லை.

9. அந்த வாய்மொழித் தகவல் எப்படிக் கொடுக்கப்பட்டது என்பதை விளக்கக் கடமைப்பட்டிருக்கிறேன். 21.08.2024 அன்று, கணக்கெடுப்பை ஒப்பந்தத்தில் எடுத்திருந்த நிறுவனத்திலிருந்து கனிமொழி என்ற பொறியாளர் என் வீட்டுக்கு வந்தார். நல்ல பெண். செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார். என் கூடத்தில் ஒருவர் உட்கார்ந்து அப்போது நான்கு மாதம் ஆகியிருந்தது. அவரிடம் பதினெட்டுக் கேள்விகள் இருந்தன. நான் ஒரு கேள்விக்கு ஒன்பது பதில் சொன்னேன். இரண்டு முறை டீ போட்டேன். மூன்றாவது முறை வேண்டாம் என்று எழுந்துவிட்டார். போகும்போதுதான், கணவர் எப்போது நிரந்தரமாக வருவார் என்று கேட்டார்.

10. நான் சொன்னது இதுதான்: “எங்க வூட்டுக்காரங்க எங்கம்மா வரப் போறாங்க. வர்ற ஆளா இருந்தா எப்பவோ வந்திருக்க மாட்டாங்களா?” இதை அவர் எழுதிக்கொண்டார். வெளியூர்ப் பெண், அவருக்குத் தெரிந்திருக்க வழியில்லை. எங்கள் பக்கத்தில் ஆண்கள் வெளிநாட்டில் இருக்கும் வீடுகளில், ‘இந்த வருடம் வந்துவிடுவார்’ என்று எந்தப் பெண்ணும் வாய்விட்டுச் சொல்ல மாட்டாள். சொன்னால் தட்டிப் போகும் என்று ஒரு பயம். விசா முடங்கும், முதலாளி மனம் மாறும், ஏதாவது ஒன்று வரும். டிக்கெட் எடுத்து, பெட்டி கட்டி, விமானம் ஏறியவரைப் பற்றிக் கேட்டால்கூட ‘அவங்க எங்க வரப் போறாங்க’ என்றுதான் பதில் வரும். கேட்பவர்களும் புரிந்துகொண்டு சிரித்துவிட்டுப் போவார்கள். அதை எழுதிக்கொண்டு போகிறவர் யாரும் அதுவரை வந்ததில்லை.

11. முழுவதும் வழக்கம்தான் என்று முடித்தால் அது பொய்யாகும். நான் சொன்னதில் முக்கால் பங்கு வழக்கம், கால் பங்கு கோபம். கல்யாணமாகி இருபத்தேழு ஆண்டுகளில், அவர் வெளிநாடு போன பிறகு நாங்கள் ஒரே வீட்டில் இருந்தது, எல்லா விடுமுறைகளையும் கூட்டினால் இருபத்துமூன்று மாதம். 2011இல் ‘அடுத்த வருஷம் முடிச்சுட்டு வந்துடறேன்’ என்றார். அதே வார்த்தையை 2013இலும் சொன்னார், 2016இலும் சொன்னார். வீடு, மகள் கல்யாணம், அதற்கு வாங்கிய கடன் என்று ஒவ்வொரு முறையும் காரணம் நியாயமாகவே இருந்தது. நியாயமான காரணத்தின்மீது கோபப்பட முடியாமல் பதினான்கு வருடம் இருப்பது எப்படி என்று தங்கள் அறிக்கையில் கட்டம் இல்லை. ‘அல்லாஹ் நாடினால் வருவார்’ என்று சொல்லி நிறுத்தியிருக்க வேண்டும். அன்று ஒருவர் உட்கார்ந்து கேட்டதால் வாய் நீண்டுவிட்டது.

12. ஆள் வராது என்பதால் சாலை வேண்டாம் என்பது தங்கள் முடிவு. சாலை வராததால் ஆள் வரவில்லை என்பதும் நடந்திருக்கிறது. 7ஆம் எண் மனைக்காரர் பரக்கத்துல்லா 2022இல் ஊருக்கே திரும்பிவிட்டார். வீடு கட்டும் எண்ணத்தோடு கொத்தனாரையும் அழைத்துக்கொண்டு காரில் வந்தார். பாதி வழியில் காரின் அடிப்பாகம் இடித்தது. இறங்கி நடந்து வந்து, தன் மனைக் கல்லைப் பார்த்துவிட்டு, என் வீட்டில் தண்ணீர் குடித்துவிட்டுப் போனார். இப்போது மங்கலம்பேட்டையில் அண்ணன் வீட்டு மாடியில் கட்டிக்கொண்டிருக்கிறார். மற்ற மனைக்காரர்களும் தம் வாட்ஸ்அப் குழுவில் கேட்பது ஒன்றே ஒன்று: “நிஷா வூட்டாண்ட ரோடு வந்துடுச்சா?” ஆகவே 33ஆம் பக்கத்தில் எழுதிய 0 வெறும் ஊகமாக நிற்கவில்லை. தன்னைத் தானே உண்மையாக்கிக்கொள்கிறது. இதைச் சொல்லப் பொறியியல் படிப்பு தேவையில்லை என்று நினைக்கிறேன்.

13. இனி நான் செய்த தவறு. 18.08.2025 தேதியிட்ட பதில் வந்ததும் எனக்கு வந்த ஆத்திரத்தில், அட்டவணையைப் போட்டோ எடுத்து என் கணவருக்கு அனுப்பினேன். ‘பாருங்க, என்னைப் பன்னிரண்டு வருஷத்துல காலி பண்ணிட்டாங்க’ என்று எழுதி, இருபத்திரண்டு பேரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டு அனுப்பினால் பலன் இருக்கும் என்றும் எழுதினேன். அதற்கு அடுத்த வரியை நான் அப்போது சரியாகப் படிக்கவில்லை. எழுத்து சிறியது, மூக்குக்கண்ணாடி பட்டறையில் இருந்தது. அவர் படித்துவிட்டார்.

14. அதன் பிறகு பதினொரு நாள் அவரிடமிருந்து போன் இல்லை. இருபத்தாறு வருடத்தில் அப்படி நடந்ததில்லை. கொரோனா காலத்தில் காய்ச்சலில் கிடந்தபோதும் ஒரு வார்த்தையாவது அனுப்புவார். பன்னிரண்டாம் நாள் குரல் பதிவு ஒன்று வந்தது. “நீ சொன்னதுதான் கவருமெண்டு பேப்பர்லயே வந்துடுச்சு நிஷா. நான் என்ன சொல்றது. கம்பெனியில காண்ட்ராக்ட் புதுப்பிக்கச் சொல்லிக் கேட்டுக்கிட்டு இருக்காங்க. போட்டுடறேன்.” சத்தம் போடவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னார்.

15. நான் உடனே பேசினேன், அது பேச்சுவாக்கில் சொன்னது என்று விளக்கினேன், வந்துவிடுங்கள் என்று இருபத்தாறு ஆண்டில் முதல் முறையாக வாய்விட்டே சொன்னேன். தட்டிப் போகும் என்ற பயத்தையும் மீறிச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டார். “வாயால சொல்ற, பேப்பர்ல வேற மாதிரி இருக்குதே” என்றார். ஐயா, அடையாள அட்டை கையில் இல்லாமல் தெருவில் நடக்க முடியாத ஊரில் பாதி வாழ்க்கையைக் கழித்தவர் அவர். அங்கே வாயால் சொன்னது எதுவும் அவருக்கு நடந்ததில்லை. முத்திரை வைத்த காகிதம் சொன்னது எல்லாம் நடந்திருக்கிறது. அவரிடம் அரசு முத்திரை வைத்த ஒரு பக்கம் இருக்கிறது. அதில், அவர் மனைவி அவர் வரப்போவதில்லை என்று சொல்லியிருக்கிறாள். என்னிடம் அதற்கு எதிராக ஒரு காகிதமும் இல்லை.

16. புதுப்பிக்க வேண்டிய கடைசி நாள் 31.10.2025. கையெழுத்துப் போட்டால் இன்னும் இரண்டு வருடம். இப்போது அவருக்கு வயது ஐம்பத்தேழு. முழங்கால் சரியில்லை என்று வேறு ஆள் மூலமாகத்தான் எனக்குத் தெரியும். இன்னும் இரண்டு வருடம் என்பதை நான் இதுவரை ஏழு முறை தாங்கியிருக்கிறேன். என்னால் வராமல் போனார் என்ற இரண்டு வருடத்தை மட்டும் தாங்க முடியாது.

17. பொறியாளர் கனிமொழியின் எண்ணைத் தேடிப் பிடித்துப் பேசினேன். இப்போது வேறு நிறுவனத்தில் இருக்கிறார். மிகவும் வருத்தப்பட்டார். “அக்கா, நீங்க சொன்னதைத்தான் எழுதினேன். மூணு கட்டத்தையும் நிரப்பினாத்தான் கம்ப்யூட்டர் ஓடும்” என்றார். ஒரு வரியை மாற்றி மறுபடி ஓட்டுவதற்கு அரை நாள் போதும் என்றும், அலுவலகம் எழுத்து மூலம் கேட்டால் தன் பதிவேட்டைத் தருவதாகவும் சொன்னார். அவர்மீது நடவடிக்கை எதுவும் வேண்டாம். என் டீயைக் குடித்து, என் பேச்சை முழுதாகக் கேட்டவர் அவர் ஒருவர்தான்.

ஆகவே கீழ்க்கண்டவற்றைச் செய்து தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

(அ) 33ஆம் பக்கத்தில் ‘மனைவியின் வாய்மொழித் தகவல்’ என்ற சொற்களை நீக்க வேண்டும். அந்தத் தகவலை இந்த மனுவின் மூலம் நான் எழுத்துப்பூர்வமாகத் திரும்பப் பெறுகிறேன்.

(ஆ) என் கணவர் திரும்பும் வாய்ப்புக்கு 0, 0, 0 என்பதை மாற்ற வேண்டும். அவர் வருவார் என்று உறுதி எழுதித் தர முடியுமா என்று தாங்கள் கேட்கலாம். முடியாது, ஐயா. சிறுமம் என்ற கட்டத்தில் 0 இருக்கட்டும். அதை நானே ஒப்புக்கொள்கிறேன். தாரின் விலைக்குக் கொடுத்த இடத்தை அவருக்கும் கொடுத்து, மற்ற இரண்டு கட்டங்களில் 1 என்று எழுதுங்கள்.

(இ) திருத்திய எண்களோடும், சாலை வந்தால் மற்ற மனைக்காரர்களில் எத்தனை பேர் வரக்கூடும் என்ற விசாரணையோடும் கணக்கை மறுபடி ஓட்டி, கடைசி 600 மீட்டரைப் பராமரிப்புப் பட்டியலில் சேர்ப்பது பற்றிப் புதிதாக முடிவெடுக்க வேண்டும். மறுபடி ஓட்டினாலும் கிராவல்தான் என்று வந்தால், அதையும் ஏற்றுக்கொள்கிறேன்.

(ஈ) திருத்திய 33ஆம் பக்கத்தை அலுவலக முத்திரையோடு 31.10.2025க்கு முன் எனக்கு வழங்க வேண்டும்.

தங்கள் அலுவலகத்தில் ஆள் பற்றாக்குறை என்பதை நேரில் வந்த இரண்டு முறையும் பார்த்தேன். எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் செய்ய முடியாது என்பது எனக்குத் தெரியும். இரண்டில் ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால், சாலை அடுத்த ஆண்டு வரட்டும், அதற்கு அடுத்த ஆண்டுகூட வரட்டும். எனக்கு நடந்து பழக்கம். அந்த ஒரு பக்கத்தை மட்டும் முதலில் தாருங்கள். அதைப் போட்டோ எடுத்து அவருக்கு அனுப்ப வேண்டும்.

இதில் எழுதியவை அனைத்தும் என் நினைவிலும் அறிவிலும் உண்மை என்று உறுதி கூறி, தங்கள் பதிலை எதிர்நோக்கும்,

(கையொப்பம்)
ஷா. அமீர் நிஷா

இடம்: விருத்தாசலம்
நாள்: 24.09.2025

இணைப்பு:
1. அறிக்கையின் 33ஆம் பக்க நகல்.
2. கடைசி 600 மீட்டரின் புகைப்படங்கள் – நான்கு.
3. பொறியாளர் கனிமொழியின் தொலைபேசி எண்.
4. தபால் தலை ஒட்டிய சுயமுகவரி உறை. தபால்காரர் தார் முடியும் இடம் வரைதான் வருவார் என்பதால், என் கைபேசி எண்ணும் உறையின்மேல் எழுதப்பட்டுள்ளது.